மணலுக்கு அடியில் ஒரு தலைநகரம்

கங்கர்கள் ஆண்டார்கள். சோழர்கள் பெயர் மாற்றினார்கள். ஹொய்சாளர்கள் பிடித்தார்கள். கடைசியில் தலக்காட்டை ஜெயித்தது காற்றும் மணலும்தான்.

கோயிலுக்குப் போகிறவர்கள் பொதுவாகப் படி ஏறுவார்கள். தலக்காட்டில் படி இறங்க வேண்டும். மணலைப் பிடித்து நிறுத்துவதற்காக நடப்பட்ட மரங்களுக்கு நடுவே, கால் புதையப் புதைய நடந்து போனால், ஓரிடத்தில் தரை பெரிய பள்ளமாக இறங்குகிறது. பள்ளத்தின் அடியில் ஒரு சிவன் கோயில். மேலே நிற்பவர் குனிந்துதான் அதன் கூரையைப் பார்க்க வேண்டும். கொஞ்ச தூரம் தள்ளி இன்னொரு பள்ளம், இன்னொரு கோயில். நடுவில் மேடும் மேடுமாக மணல். அலைச் சத்தம் மட்டும் கேட்டால் கடற்கரை என்றே நம்பிவிடலாம். ஆனால் கடல் இங்கிருந்து பல மணி நேரப் பயணம். இது கர்நாடகத்தின் மைசூர் மாவட்டம். பக்கத்தில் ஓடுவது காவிரி.

மைசூரிலிருந்து தென்கிழக்கே சுமார் 45 கிலோமீட்டர். வழியில் வருகிற தாலுகா தலைநகரின் முழுப் பெயர் திருமகூடலு நரசீபுரம். மூன்று நீர் கூடும் இடம் என்று பொருள். தமிழ் வாசகருக்கு நம்மூர்த் திருமுக்கூடல் நினைவுக்கு வரும். காவிரியும் கபினியும் கண்ணுக்குத் தெரிந்து கூடுகின்றன. மூன்றாவதான ஸ்படிக சரோவரம் நம்பிக்கையில் கூடுகிறது. பஸ்ஸில் பலரும் 'டி.நரசீபுரா' என்று சுருக்கிவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் இருபுறமும் நெல் வயல்களும் வாய்க்கால்களும். இவ்வளவு பச்சைக்கு நடுவே ஒரு மணல்மேடு எப்படி வந்தது என்பதுதான் தலக்காட்டின் கேள்வி.

ஊர் அந்தக் கேள்விக்குக் கைவசம் ஒரு பதில் வைத்திருக்கிறது. அது ஒரு பெண்ணின் சாபம். பேராசிரியர்கள் வேறொரு பதில் வைத்திருக்கிறார்கள். அது ஓர் அணை. இரண்டுக்கும் நடுவே, ஆயிரத்து அறுநூறு வருட வரலாறு புதைந்து கிடக்கிறது.

தலனும் காடனும்

ஊர்ப் பெயருக்கே ஒரு கதை உண்டு. தலன், காடன் என்று இரண்டு வேடர்கள். யானைகள் வந்து ஒரு மரத்தை வணங்குவதைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கோடரியால் வெட்டிப் பார்த்தார்கள். மரத்திலிருந்து ரத்தம் பீறிட்டது. அந்த மரத்தின் இலையையே அரைத்துக் காயத்துக்குப் போடும்படி ஒரு குரல் சொன்னது. போட்டார்கள், ரத்தம் நின்றது. தன் காயத்துக்குத் தானே மருந்து சொன்ன சிவன் என்பதால் வைத்தியநாதேஸ்வரர். நம்முடைய வைத்தீஸ்வரன் கோயிலைப் போலவே இங்கேயும் நோய் தீர வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

வரலாற்றில் இந்த ஊர் தலைகாட்டுவது தலைநகராகத்தான். கோலாரில் தொடங்கிய மேலைக் கங்கர்களின் ஆட்சி, கி.பி. 390 வாக்கில் ஹரிவர்மன் காலத்தில் தலக்காட்டுக்கு வந்தது. சமஸ்கிருத சாசனங்களில் இதன் பெயர் தலவனபுரம். பல்லவர், சாளுக்கியர், ராஷ்டிரகூடர் என்று பெரிய வம்சங்களுக்கு நடுவே, சில சமயம் எதிர்த்தும் பல சமயம் அடங்கியும், ஏறத்தாழ 600 ஆண்டுகள் கங்கர்கள் தாக்குப் பிடித்தார்கள். சிரவணபெளகொளாவில் ஒற்றைக் கல்லில் நிற்கும் கோமதேஸ்வரரை 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செதுக்கச் செய்த சாமுண்டராயர், கங்கர்களின் அமைச்சர்தான். அந்தச் சிலை மலை மேல் வெயிலில் நிற்கிறது. கங்கர்களின் தலைநகரமோ மணலுக்கு அடியில்.

ராஜராஜபுரம்

தலக்காட்டின் கதையில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தி அவன் வென்ற நாடுகளை அடுக்கும்போது கங்கபாடியையும் தடிகைபாடியையும் மறக்காமல் சொல்லும். பள்ளிக்கூடப் பாடத்தில் வெறும் பெயர்களாகக் கடந்துபோன அந்தப் பகுதிகள் இவைதான். 1004 வாக்கில் தலக்காடு சோழர் கைக்கு வந்தது. கங்கர் ஆட்சி முடிந்தது. ஊருக்கு ராஜராஜபுரம் என்று புதுப் பெயர் சூட்டப்பட்டது. தலக்காட்டிலும் சுற்று வட்டாரத்திலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பதற்கு அந்த நூறு வருட ஆட்சி ஒரு முக்கியக் காரணம்.

நூறு வருடம் கழித்துக் கணக்குத் தீர்க்கப்பட்டது. சோழர் சார்பில் இங்கே இருந்தவர் ஓர் அதியமான். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் மரபின் பெயரைத் தாங்கியவர். ஹொய்சாள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி கங்கராஜன் அவரைத் தோற்கடித்தான். ஆண்டு 1116-17. 'மதுரை கொண்ட' என்று சோழர்கள் பட்டம் போட்டுக்கொண்ட அதே பாணியில், விஷ்ணுவர்தனன் 'தலக்காடு கொண்ட' என்று போட்டுக்கொண்டான். வெற்றியின் நினைவாக இங்கே எழுந்தது கீர்த்திநாராயணர் கோயில். பேலூரின் புகழ்பெற்ற சென்னகேசவர் கோயிலும் அதே 1117ஆம் ஆண்டின் குழந்தைதான். பேலூருக்கு உலகமே வருகிறது. கூடப் பிறந்த கீர்த்திநாராயணரோ வெகு காலம் மணலுக்குள் இருந்தார்.

ஹொய்சாளர்களுக்கும் தமிழ் தெரியாத மொழி இல்லை. அடுத்த நூற்றாண்டில் அவர்களே காவிரியோடு இறங்கி வந்து, ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரில் இன்னொரு தலைநகரம் அமைத்தார்கள். காவிரி என்றாலே டி.எம்.சி. கணக்கு மட்டும் ஞாபகம் வருகிற காலத்தில், இந்த ஆற்றின் வழியாக ஒரு காலத்தில் அரசர்களும் சிற்பிகளும் மொழிகளும் மேலும் கீழுமாகப் போய் வந்ததற்குத் தலக்காடு ஒரு சாட்சி.

அலமேலம்மாவின் சாபம்

ஆனால் இன்று தலக்காட்டுக்கு வரும் கூட்டத்தில் விஷ்ணுவர்தனனைத் தேடி வருகிறவர்கள் குறைவு. எல்லோருக்கும் தெரிந்த பெயர் அலமேலம்மா.

காலம் 1610. விஜயநகரம் தேய்ந்துகொண்டிருந்தது. அதன் பிரதிநிதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்து ஆண்டுவந்தார். கதை அவரை ஸ்ரீரங்கராயர் என்கிறது, வரலாற்று நூல்கள் திருமலராஜன் என்கின்றன. அவருக்கு ராஜபிளவை கண்டது. வைத்தியநாதேஸ்வரரிடம் வேண்டிக்கொள்ளத் தலக்காட்டுக்கு வந்தார். அந்த நேரத்தில், மைசூர் என்ற சின்ன ராஜ்யத்தின் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றிக்கொண்டார். மைசூர் வம்சத்தின் ஏற்றம் அங்கேதான் தொடங்குகிறது. உலகப் புகழ் பெற்ற தசரா விழாவின் கணக்கும் அந்த ஆண்டிலிருந்துதான்.

ராயரின் மனைவி அலமேலம்மாவிடம், ஸ்ரீரங்கப்பட்டணத்து ரங்கநாயகித் தாயாருக்கு விசேஷ நாட்களில் சாத்தும் நகைகள் இருந்தன. அவற்றைக் கேட்டு உடையாரின் ஆட்கள் வந்தார்கள். முத்து மூக்குத்தியை மட்டும் கொடுத்தனுப்பினாள் என்பது ஒரு வழக்கு. மீதி நகைக்காகப் படை துரத்தியது. தலக்காட்டுக்கு அருகே மாலங்கி என்னும் இடத்தில், நகை மூட்டையோடு அவள் காவிரியில் குதித்தாள். குதிக்கும் முன் மூன்று சாபங்கள் இட்டாள்: தலக்காட்டை மணல் மூட வேண்டும், மாலங்கியில் ஆழமான சுழல் உண்டாக வேண்டும், மைசூர் அரசர்களுக்குப் பிள்ளை இல்லாமல் போக வேண்டும்.

மூன்றும் பலித்ததாகத்தான் ஊர் சொல்கிறது. மணலைப் பார்க்கக் கண் போதும். மாலங்கியில் ஆற்றின் ஆழத்தைக் காட்டுகிறார்கள். மூன்றாவதற்கு மைசூர் அரண்மனையின் வம்சாவளியே அத்தாட்சி என்கிறார்கள். மூன்றாம் கிருஷ்ணராஜர் 1865இல் தத்து எடுத்தார். தத்து வந்த பத்தாம் சாமராஜருக்குப் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளையான நான்காம் கிருஷ்ணராஜருக்கு வாரிசு இல்லை; 1940இல் தம்பி மகன் ஜெயசாமராஜர் பட்டத்துக்கு வந்தார். அவருக்கு 1953இல் மகன் பிறந்தார். அந்த மகன் ஸ்ரீகண்டதத்தர் 2013 டிசம்பரில் பிள்ளையின்றிக் காலமானார். 2015இல் தத்தெடுக்கப்பட்ட யதுவீரருக்கு 2017 டிசம்பரில் ஆண் குழந்தை பிறந்தபோது, சாபம் தீர்ந்துவிட்டதா என்று பத்திரிகைகள் கேட்டன. பெற்ற பிள்ளைக்கு வாரிசு இல்லை, தத்துப் பிள்ளைக்கு உண்டு என்று ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வருவதால் இது ஆச்சரியமே இல்லை என்று கணக்குத் தெரிந்தவர்கள் பதில் சொன்னார்கள்.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. சாபத்தை ஏற்றுக்கொண்டவர்கள் தோற்ற தரப்பு மட்டும் அல்லர், ஜெயித்தவர்களும்தான். மைசூர் அரண்மனைக்குள்ளேயே அலமேலம்மாவின் உருவத்தை வைத்து நவராத்திரியில் பூஜை செய்யும் வழக்கம் வந்தது. படை பலத்தால் ஒரு பெண்ணிடமிருந்து எதையோ பறித்துவிட்டோம் என்ற உறுத்தல், நானூறு வருடமாக ஒரு ராஜ வம்சத்தின் பூஜை அறையிலேயே குடியிருக்கிறது. உலகத்தில் எத்தனையோ வெற்றிகளுக்கு வெற்றித் தூண் உண்டு. தோற்றவளுக்கு விளக்கேற்றிய வெற்றி அபூர்வம்.

மாதவமந்திரியின் அணை

இனி அணை. தலக்காட்டுக்கு மேலே காவிரியின் குறுக்கே ஓர் அணைக்கட்டு இருக்கிறது. விஜயநகரக் காலத்து மாதவமந்திரியின் பெயரால் வழங்குகிறது. கரிகாலன் கல்லணையைப் போல இதுவும் ஆற்றைத் தேக்கி வைக்காமல், மடக்கி வாய்க்காலில் திருப்புகிற அணை. அந்த வாய்க்கால்தான் தலக்காட்டைச் சுற்றியுள்ள வயல்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறது.

பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவரும் கன்னட நாவலாசிரியருமான கே.என். கணேசய்யா, மணலுக்கும் இந்த அணைக்கும் முடிச்சுப் போட்டார். வாதம் எளிமையானது. காவிரி தலக்காட்டில் ஒரு பெரிய வளைவு எடுக்கிறது. ஆறு வளைகிற இடத்தில், உள்பக்கக் கரையில் வேகம் குறைந்து மணல் படியும். மேலே அணை வந்து தண்ணீர் வாய்க்காலுக்குத் திரும்பியதும், கீழே ஆற்றில் ஓட்டம் குறைந்தது. தண்ணீர் மூடியிருந்த மணல் படுகை வெயிலில் காய்ந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அதை வாரிக் கரை ஏற்றியது. எதிரே கோயில் சுவரும் வீட்டுச் சுவரும் தடுத்தன. தடுத்த இடத்தில் மணல் குவிந்தது. குவிந்த மேட்டில் ஏறி அடுத்த மணல் தாண்டியது. கரையோரக் காடு அழிந்ததும், பூமிக்கு அடியில் உள்ள பிளவுகளால் ஆற்றின் போக்கு மாறியதும் காரணம் என்று சொல்லும் புவியியலாளர்களும் உண்டு.

தேதிகளை வரிசைப்படுத்தினால் ஒன்று புரியும். விஜயநகரம் எழுந்தது 14ஆம் நூற்றாண்டில். அலமேலம்மா ஆற்றில் குதித்ததாகச் சொல்வது 17ஆம் நூற்றாண்டில். அணை கட்டப்பட்டு எத்தனையோ தலைமுறைகளுக்குப் பிறகுதான் சாபம் வருகிறது. அதற்குள் மணல் தன் வேலையைத் தொடங்கியிருக்கும். கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாக ஊர் புதைவதைப் பார்த்தவர்களுக்கு, அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அவர்கள் கண்டுபிடித்த காரணத்தில் குறைந்தபட்சம் ஒரு நியாயம் இருந்தது.

1908இல் வெளியான இம்பீரியல் கெஜட்டியர், தலக்காட்டின் நிலைமையைச் சில வரிகளில் பதிவு செய்திருக்கிறது. சுமார் ஒரு மைல் நீளத்துக்கு மணல் குன்றுகள். ஆண்டுக்கு ஒன்பது, பத்து அடி வீதம் மணல் ஊரை நோக்கி முன்னேறி வந்தது. வீட்டை நெருங்க நெருங்க மக்கள் காலி செய்துகொண்டு உள்ளே தள்ளிப் போனார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கோயில்கள் அடியில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு அந்த கெஜட்டியர் இன்னொன்றும் சொல்கிறது: இருந்தாலும் ஊரின் ஜனத்தொகை கூடிக்கொண்டுதான் இருக்கிறது, காரணம் மாதவமந்திரி வாய்க்கால் பாய்கிற வளமான நன்செய்.

தலக்காட்டின் மொத்தக் கதையும் அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடுகிறது. கணேசய்யாவின் வாதம் சரி என்றால், ஊரைப் புதைத்த அணையேதான் ஊருக்குச் சோறும் போடுகிறது. பழைய தலைநகரைக் கொடுத்துப் புதிய வயலை வாங்கியிருக்கிறது இந்த ஊர். பேரம் பேசியவர்களுக்கு விலை தெரிந்திருக்காது. அணை கட்டியவர் கண் மூடி வெகு காலம் கழித்துத்தான் பில் வந்தது.

கென்ஃபிக்கும் தனுஷ்கோடியும்

மணல் விழுங்கிய ஊர் தலக்காடு ஒன்று மட்டும் இல்லை. பிரிட்டனின் வேல்ஸ் கடற்கரையில் கென்ஃபிக் என்று ஒரு நகரம் இருந்தது. நார்மன்கள் 12ஆம் நூற்றாண்டில் கோட்டையோடு அமைத்த ஊர். 13ஆம் நூற்றாண்டு முதல் கடற்காற்று கொண்டுவந்த மணல் மேலேற, 15ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் மக்கள் ஊரைக் கைவிட்டு உள்ளே தள்ளிப் போய்விட்டார்கள். இன்று கோட்டையின் சில கற்கள் மட்டும் மணல் மேட்டுக்கு மேலே தெரிகின்றன. பக்கத்தில் ஒரு ஏரி. பழி பாவத்துக்குத் தண்டனையாக ஒரு நகரமே அதில் மூழ்கியது, புயல் நேரத்தில் அடியிலிருந்து தேவாலய மணி கேட்கும் என்று அங்கேயும் கதை உண்டு. மணல் வந்த இடத்தில் எல்லாம் சாபக் கதையும் கூடவே வந்துவிடுகிறது போலும்.

நமக்கு தனுஷ்கோடி இருக்கிறது. 1964 டிசம்பரில் ஒரே இரவில் புயல் அதை முடித்தது. தலக்காட்டுக்கு அந்த அதிர்ச்சி இல்லை. அது நின்று நிதானமாகப் புதைந்த ஊர். ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் பின்வாங்கி, அடுத்த தலைமுறைக்குக் கொஞ்சம் குறைவான ஊரைக் கொடுத்துவிட்டுப் போனது.

தோண்டத் தோண்ட

இன்று பள்ளங்களில் இறங்கிப் பார்க்கக் கிடைப்பவை கொஞ்சம்தான். பெரியது வைத்தியநாதேஸ்வரர் கோயில். வாசலில் ஆள் உயரத்தை மிஞ்சிய துவாரபாலகர்கள். பாதாளேஸ்வரரும் மரளேஸ்வரரும் கங்கர் காலத்தவர்கள் என்று கருதப்படுகிறவர்கள். 'மரளு' என்றால் கன்னடத்தில் மணல். பாதாளேஸ்வரர் லிங்கம் காலையில் சிவப்பாகவும் மதியம் கறுப்பாகவும் மாலையில் வெளுப்பாகவும் தெரியும் என்பது நம்பிக்கை. இந்த மூவரோடு அர்க்கேஸ்வரரையும் முடுகுத்தொரே குன்றின் மேல் இருக்கும் மல்லிகார்ஜுனரையும் சேர்த்தால் பஞ்சலிங்கம். கார்த்திகை மாதத்து அமாவாசை திங்கட்கிழமையில், விசாக நட்சத்திரத்தோடு சேர்ந்து வரும்போது பஞ்சலிங்க தரிசனம் நடக்கும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்பார்கள். பஞ்சாங்கம் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. 2009, 2013, 2020 என்று அது தன் இஷ்டத்துக்கு வந்தது. 2020 டிசம்பரில் கொரோனா கட்டுப்பாடுகளுக்கு நடுவே நடந்தது.

ஒரு காலத்தில் இந்த விழாதான் தலக்காட்டின் தொல்லியல் துறை. தரிசனம் வருகிறது என்றால் மணலை அள்ளிக் கோயிலை வெளியே எடுப்பார்கள். விழா முடிந்தபின் காற்று திரும்ப மூடிவிடும். பக்தர்கள் வந்ததால்தான் சில கோயில்கள் மறந்துபோகாமல் தப்பித்தன. பின்னால் அரசுத் துறைகள் வந்தன. கீர்த்திநாராயணர் கோயிலை மத்தியத் தொல்லியல் துறை பிரித்துத் திரும்ப எழுப்பியது. மணலின் பாரத்தையும் ஈரத்தையும் பல நூற்றாண்டு தாங்கிய கட்டடத்தை வெறுமனே ஒட்டுப் போட்டு நிறுத்த முடியாது.

ஆனால் மணலுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அது மூடியதை யாரும் இடித்துக் கட்டவில்லை, சுண்ணாம்பு அடிக்கவில்லை, சிமென்ட் பூசவில்லை. தமிழ்நாட்டில் 'திருப்பணி' என்ற பெயரில் கல்வெட்டு மேல் டைல்ஸ் ஒட்டப்பட்ட கோயில்களைப் பார்த்து நொந்தவர்களுக்கு, மணல் அவ்வளவு மோசமான எதிரியாகத் தோன்றாது. புதைந்தது திரும்பக் கிடைக்கலாம். இடித்தது கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்தும் மைசூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். மணலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிடுகிறார்கள். பரிசலில் போகிறார்கள். முழங்கால் ஆழம்தான் என்று நம்பி இறங்கி, ஆற்றுப் பள்ளத்தில் சிக்கி இறந்தவர்களும் உண்டு. மேலே மெத்தென்று இருக்கும் ஆறு அடியில் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. அலமேலம்மாவை நம்பாவிட்டாலும், மாலங்கி பற்றிய எச்சரிக்கையை நம்புவது நல்லது.

சாயங்காலம் பஸ் ஏறுகிற இடத்திலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மணல்மேடு, மறுபக்கம் வயல். சுற்றுலாப் பயணிகள் மணலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள், காலிலும் செருப்பிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஊர்க்காரர்கள் வயலைப் பார்க்கிறார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் மாதவமந்திரியின் வாய்க்கால் சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கோயில் இல்லை, தரிசன நாள் இல்லை, கதையும் இல்லை. தண்ணீர் மட்டும் இருக்கிறது.